முப்பது அங்குல ஜன்னல்

"மூச்சை உள்ள இழுங்க அண்ணி," என்றாள் நாத்தனார்.

இழுத்தாயிற்று. இதற்கு மேல் இழுத்தால் அது முதுகைப் பிய்த்துக்கொண்டுதான் வெளியே போகும். தலையும் தோளும் இரண்டு கைகளும் ஜன்னலுக்கு வெளியே சந்தில் இருந்தன. இடுப்பும் அதற்குக் கீழே உள்ளவையும் குளியலறைக்குள் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் பாவாடையின் மூன்று குழாய் வளையங்களும் பன்னிரண்டு கெஜம் வெல்வெட்டும் சுருண்டுகொண்டு, புட்டிக்குத் தக்கை மாதிரி ஜன்னலை அடைத்திருந்தன. ஏறி நின்ற வாளி கடைசி உந்தலில் உருண்டு எங்கேயோ போய்விட்டது. கால்கள் காற்றில் அதைத் தேடின.

"படம் ஓடுதா?"

"ஓடுது."

"நிறுத்து."

"நடுவுல நிறுத்தாதேன்னு நீங்கதானே அண்ணி சொன்னீங்க."

சொன்னது உண்மை. வெட்டி ஒட்டிய படம் என்று பதிப்பாளர் சொல்லிவிடக்கூடாது. அதனால் வாளியில் ஏறுவது முதல் சந்தில் விரித்த மெத்தையில் குதிப்பது வரை ஒரே ஓட்டமாகக் கைபேசியில் எடுக்கச் சொல்லியிருந்தாள். நாத்தனார் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருப்பவள். அடுத்தவர் அவஸ்தையைக் கலங்காமல் பார்க்கப் பழகியவள். இருந்தாலும் கைபேசி ஆடிற்று. அது சிரிப்பினால் என்பது ஜன்னலில் இருந்தவளுக்குத் தெரிந்தது.

அந்தக் குடியிருப்பில் அவளுக்கு அங்குலம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஜன்னல் திரை தைக்கிறாள். ஊரில் பாதிப் பேர் பகலில் தூங்குவது அவள் புண்ணியத்தில். கழுத்தில் அளவு நாடா, காதிடுக்கில் பென்சில், கையில் நீள நோட்டு. துக்க வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜன்னலைப் பார்ப்பாள், பிறகுதான் அழுவாள்.

நாவல் படிக்கத் தொடங்கியதும் வேலைக்குப் போன இடத்தில்தான். அளவெடுக்கப் போன ஒரு வீட்டில், வீட்டுக்காரம்மா குளித்துவிட்டு வரும்வரை உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். மேசைமேல் ஒரு புத்தகம். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துக் காதல் கதை. அட்டையில் பின்பக்கமாகச் சாய்ந்த ஒரு சீமாட்டி, சட்டையில் நாலு பொத்தான் கழன்ற ஒரு ஆள், அவர்களுக்குப் பின்னால் எரிகிற மாளிகை. அங்குலம் அந்தப் படத்தில் இருந்த ஜன்னல் திரையைப் பார்த்தாள். சீமாட்டியின் கூந்தல் ஒரு பக்கம் பறந்தது, திரை எதிர்ப்பக்கம் பறந்தது. ஒரே அறையில் இரண்டு காற்று எப்படி வரும் என்று உள்ளே ஏதாவது விளக்கியிருப்பார்களோ என்று புரட்டினாள். விளக்கவில்லை. ஆனால் நாற்பதாம் பக்கத்தில் வீட்டுக்காரம்மா வந்து எதிரே நின்றது அவளுக்குத் தெரியவில்லை. "அளவு எடுத்தாச்சா?" என்று கேட்டதற்கு, "அந்தப் பாவி இன்னும் கப்பல் ஏறலம்மா," என்று பதில் சொன்னாளாம்.

அன்றிலிருந்து வாடகை நூலகத்தில் வாரத்துக்கு மூன்று. பதினோரு வருடம். படித்துக்கொண்டே நோட்டின் கடைசிப் பக்கங்களில் குற்றப்பட்டியல் எழுதுவாள். ஒரு கதையில் கதாநாயகி முழங்கால் வரை தொங்கும் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள், வில்லன் அவளைக் காணவில்லை. முழங்காலுக்குக் கீழே காலே கிடையாதா அவளுக்கு? இன்னொன்றில் பட்டுத் திரையைக் கிழித்துக் கயிறாக்கி மூன்றாம் மாடியிலிருந்து இறங்கினாள் ஒருத்தி. எத்தனை கெஜம் என்று கதாசிரியர் சொல்லவில்லை. அங்குலம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டாம் மாடியிலேயே துணி தீர்ந்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் இந்தப் பேச்சுதான். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுதும் கட்டடங்களில் ஏறி இறங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் ஒரே தளத்தில் அமைதியாக உட்கார ஆசைப்படுகிறவர். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், இவ்வளவு சொல்கிறவள் நீயே ஒன்று எழுதேன் என்று சொல்லிவிட்டார். ஒழுகும் குழாயை இறுக்கி மூடுகிற மாதிரி நினைத்துத்தான் சொன்னார். குழாய் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. எழுதி முடிக்க நாலு வருடம் ஆயிற்று.

கதை இதுதான். துரையின் மகளை மீசைக் கர்னல் ஒருவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். அவள் மனம், நிலம் அளக்க வந்த குழுவில் சங்கிலி பிடிக்கிற உள்ளூர்ப் பையனிடம் போய்விட்டது. நிச்சயத்தை அறிவிக்கும் விருந்தன்று, வளையப் பாவாடையோடு, குளியலறை ஜன்னல் வழியாகக் குதித்து அவள் ஓடிப்போகிறாள். பதினான்காம் அத்தியாயம். மற்றதெல்லாம் அந்த ஜன்னலுக்காக எழுதப்பட்டதுதான்.

மற்றவர்கள் எழுதியது போல் அவள் காற்றில் எழுதவில்லை. பெருமூச்சால் மெழுகுவர்த்தி அணையுமா என்று தெரிய, கணவரை மேசைமுன் உட்கார்த்தி வெவ்வேறு தூரத்திலிருந்து பெருமூச்சு விடச் சொன்னாள். பதினோரு அங்குலம் வரை அணைந்தது. அதற்கு மேல் விட்டதெல்லாம் கணவரின் சொந்தப் பெருமூச்சு. அவர் வேலைக்குப் போடும் ரப்பர் பூட்ஸோடு மண்டியிடச் சொன்னாள். மண்டியிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. அதனால் நாவலில் கர்னல் எப்போதும் ஒரு மேசைக்குப் பக்கத்தில்தான் காதலைச் சொல்கிறான். நாத்தனார் சோபாவில் பதினான்கு முறை மயங்கி விழுந்தாள். ஒன்பதாவது மயக்கத்தில் சோபாவின் ஒரு கால் போயிற்று. கடிதத்தில் மை கரைய எத்தனை சொட்டுக் கண்ணீர் வேண்டும் என்பதை மருந்துச் சொட்டுக்குழாயால் கண்டுபிடித்தாள். ஏழு. துரை மகள் நாவல் முழுதும் ஏழேழாகத்தான் அழுகிறாள்.

ஆவணக் காப்பகத்துக்கும் போனாள். ஊரை விட்டுப் போகும் துரைமார்கள் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்ட விளம்பரங்கள் பழைய பத்திரிகைகளில் இருந்தன. எல்லாவற்றையும் நகல் எடுத்தாள். அங்கே இருந்த எழுத்தர், என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். ஓடிப்போவது பற்றி என்றாள். எந்தத் துறை, கடிதம் கொண்டுவாருங்கள் என்றார். வாசிப்பறை மேசையில் வெயில் நேராக அடிப்பதை அவள் பார்த்துவைத்திருந்தாள். அடுத்த வாரம் ஒரு திரையைத் தைத்துக் கொண்டுபோய் மாட்டினாள். அதற்குப் பிறகு யாரும் கடிதம் கேட்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக அவளிடம் பங்களா இருந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒரு துரை குடும்பத்தோடு இருந்த பங்களா, இப்போது நில அளவை அலுவலகம். அதற்குத் திரை தைத்தது அவள்தான். இருபத்தொரு ஜன்னலும் நோட்டில் இருந்தன. துரையின் குளியலறை, இப்போது பழைய வரைபடம் போட்டுவைக்கும் அறை. அகலம்: 30. பென்சிலில் தெளிவாக எழுதியிருந்தாள். கதையில் அந்த எண் ஆறு இடத்தில் வந்தது.

பதிப்பாளர் மாதம் ஒரு காதல் நாவல் போடுகிறவர். கீழே அச்சகம், மேலே அவர். கையெழுத்துப் பிரதி முழுவதையும் படித்தார், அதைச் சொல்லவேண்டும். இரண்டு குறை சொன்னார். ஒன்று, சங்கிலிப் பையன் காதல் பேசுவது சிலை திறப்பு விழாவில் தலைவர் பேசுவது மாதிரி இருக்கிறது. அது கிடக்கட்டும், வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டாவது, அந்த ஜன்னல்.

"பாவாடை போனா பொண்ணு போகாது, பொண்ணு போனா பாவாடை போகாது," என்றார். "கதவு வழியா போகட்டுமேம்மா."

கதவு வழியாகப் போனால் அது வெளியே போவது, ஜன்னல் வழியாகப் போனால்தான் ஓடிப்போவது என்றாள் அங்குலம். முப்பது அங்குலம் என்றாள். நோட்டைக் காட்டினாள். அவர் பென்சிலைக் கடித்தார். திங்கட்கிழமை மதியம்வரை காத்திருக்கிறேன், ஒன்று நிரூபியுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த மாதத்துக்குக் கைவசம் வேறு நாவல் இருக்கிறது, பிரதியைத் திரும்ப எடுத்துப் போகலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினாள். தன் வீட்டுக் குளியலறை, அகலம்: 30. துரை வீட்டு அளவேதான். தெய்வமே நாடா பிடித்துக் கட்டியிருக்கிறது என்று நினைத்தாள். யாரோ தைக்கச் சொல்லிவிட்டு வாங்காமல் போன மெரூன் வெல்வெட் இருந்தது. கருப்புத் தண்ணீர்க் குழாயை வளைத்து மூன்று வளையம் செய்தாள். திரையின் மேல்விளிம்பில் தைக்கிற சுருக்கு நாடாவையே இடுப்புக்கு வைத்து, இழுக்க இழுக்க இறுகும் முடிச்சாகப் போட்டாள். ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளைக் கழற்றி அடுக்கிவைத்தாள். பாவாடைக்கு உள்ளே கணவருடைய காற்சட்டை.

கணவர் காலையில் ஜன்னலைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறதே என்றார். கண்ணுக்கு எல்லா ஜன்னலும் சின்னதாகத்தான் தெரியும் என்றாள். அது அவள் தொழில் வேதம். கண்ணை நம்பாதே, நோட்டை நம்பு. அவர் வேலைக்குப் போய்விட்டார். லிஃப்டுகளுக்கு ஞாயிறு கிடையாது.

இப்போது ஞாயிறு மதியம் மூன்று மணி. நாத்தனார் அண்ணனுக்குப் போன் போட்டு, ஒலியைப் பெரிதாக்கிப் பிடித்தாள்.

"ஏங்க, நான் மாட்டிக்கிட்டேன்," என்றாள் அங்குலம்.

அவர், இங்கே வங்கிக் கட்டடத்தில் நாலு பேர் மாட்டியிருக்கிறார்கள், அவர்களை இறக்கிவிட்டு வருகிறேன் என்றார். மனைவி ஐந்தாவது ஆள். வரிசைப்படிதானே வரவேண்டும்.

அந்த நேரம் பார்த்துச் சந்துக்குள் மீட்டர் மாமா வந்தார். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். ஒவ்வொரு ஞாயிறும் எல்லார் வீட்டுத் தண்ணீர் மீட்டரையும் படித்து எழுதுவது அவருக்கு வழிபாடு மாதிரி. மெத்தையைத் தாண்டினார். மெரூன் வெல்வெட்டில் ஒரு முழம் வெளியே பிதுங்கியிருப்பதைப் பார்த்தார். அதற்கு முன்னால் இருந்த முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா அங்குலம், கதவு என்னாச்சு?"

"கதவு நல்லாத்தான் இருக்கு மாமா."

"அப்ப சரி." குனிந்து மீட்டரைப் படித்து எழுதிக்கொண்டார்.

ஆள் ஓடமுடியாத இடத்தில் கிடைத்திருக்கிறாள், விடலாமா? இரண்டு மாதமாகச் சொல்ல நினைத்திருந்த எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தார். மொட்டைமாடியில் காயப்போடும் திரைகள் அவர் வீட்டு ஜன்னலில் சொட்டுவது, தையல் மெஷின் சத்தம், சங்கக் கூட்டத்துக்கு வராதது. அங்குலம் எல்லாவற்றுக்கும் சரி என்றாள். வேறு என்ன செய்வாள், முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இடமில்லை. கடைசியில் அவர் தலையைச் சாய்த்துப் பார்த்து, இத்தனை சின்ன ஜன்னலில் ஏன் நுழைந்தாய் என்றார்.

அதைமட்டும் அவளால் சரி என்று சொல்ல முடியவில்லை.

"சின்னது இல்ல மாமா. முப்பது அங்குலம்."

மாமா எதையும் எழுத்தில் பார்க்காமல் நம்புகிறவர் இல்லை. நாடா அவள் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அங்கேதான் இருந்தது. அதை உருவி, கால்விரலில் எம்பி, ஜன்னலின் மேல்விளிம்பில் வைத்துப் பார்த்தார்.

"பதினெட்டு."

"நாடா மடங்கியிருக்கும்."

"உன் நாடாம்மா." மறுபடியும் வைத்தார். "பதினெட்டே கால். சிமெண்டு பேந்துபோன இடத்தையும் சேத்து."

நாத்தனாரின் சிரிப்பு நின்றது. அண்ணியின் முகத்தில் அப்படி ஒன்று வந்திருந்தது.

திரை எப்போதும் ஜன்னலைவிட அகலமாக இருக்கவேண்டும். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. இல்லாவிட்டால் ஓரத்தில் வெயில் எட்டிப் பார்க்கும், எதிர்வீட்டுக்காரரும் பார்ப்பார். தொழில் தொடங்கிய வருடம் ஜன்னல் அளவைத் தனியாக எழுதி, பன்னிரண்டைக் கூட்டித் திரை அளவைத் தனியாக எழுதினாள். பிறகு கூட்டின எண்ணை மட்டும் எழுதினாள். பிறகு கூட்டுகிறோம் என்பதே மறந்துபோயிற்று. கண் பதினெட்டு என்று படிக்கும், கை முப்பது என்று எழுதும். இருபத்திரண்டு வருடத்து நோட்டுகளில் ஊரில் உள்ள ஒவ்வொரு ஜன்னலும் உண்மையைவிட ஓர் அடி பெரிதாக இருந்தது. திரைகளெல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

துரை வீட்டுக் குளியலறையும் முப்பது என்றுதான் எழுதியிருந்தது. அப்படியென்றால் அதுவும் பதினெட்டு. சோதனை சரியாகத்தான் நடந்திருக்கிறது. நாலு வருடமாகத் துரை மகள் அந்த ஜன்னலில் மாட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், எழுதினவளுக்குத்தான் தெரியவில்லை. நாளை மதியம் பதிப்பாளர் கதவைக் காட்டுவார். துரை மகளுக்கும் அவளுக்கும் சேர்த்து.

அழுகை வந்தது. ஏழு சொட்டு என்று எழுதியதும் தப்பு. மூன்றோடு நின்றுவிட்டது. நாத்தனார் கைபேசியைத் தாழ்த்திவிட்டு, துப்பட்டா முனையால் அண்ணியின் மூக்கைத் துடைத்தாள். மாமா நாடாவைச் சுருட்டி, எங்கே வைப்பது என்று தெரியாமல், அவள் கழுத்திலேயே திரும்பப் போட்டார்.

நாலரைக்குக் கணவர் வந்தார். சந்துப் பக்கம் வரவில்லை. நேராகக் குளியலறைக்குப் போனார். அங்குலத்துக்கு அவர் குரல் தன் பாவாடைக்குப் பின்னாலிருந்து கேட்டது. வீட்டில் பேசும் குரல் இல்லை. வேலையில் பேசுகிற குரல். மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று முதலில் சொல்வதற்கென்று அவருக்கு ஐந்து வாக்கியம் உண்டு. பதினெட்டு வருடமாக மாற்றியதில்லை. கல்யாணமாகி இத்தனை நாளில் அவள் அதைக் கேட்டதில்லை. அவள் லிஃப்டில் மாட்டியதில்லை.

"பயப்படாதீங்க. காத்து வரும். உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான் ஒருத்திதான்," என்றாள்.

"நான் இங்கதான் நிக்கிறேன். எங்கயும் போகமாட்டேன்."

மீட்டர் மாமாவுக்கே என்னவோ போல் ஆகி, கையிலிருந்த மீட்டர் நோட்டை மூடினார்.

யாரும் இழுக்கக்கூடாது என்று உள்ளேயிருந்து உத்தரவு வந்தது. லிஃப்ட் நடுவில் நின்றால் முதல் வேலை மின்சாரத்தை நிறுத்துவது. இங்கே மின்சாரம் நாத்தனார்தான், அவள் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த அண்ணியின் கையை விட்டாள். வாளியைத் தேடி எடுத்து மனைவியின் காலுக்கடியில் வைத்தார். கால்கள் நின்றன. பிறகு வெல்வெட்டுக்குள் கையை விட்டுத் துழாவினார். மூன்று வளையமும் ஒன்றுக்குள் ஒன்று மடங்கிச் சட்டத்தில் சிக்கியிருக்கின்றன, அதை அசைக்க முடியாது, ஆனால் ஆள் வேறு பாவாடை வேறு, நாடாவை அறுத்தால் ஆளை மட்டும் எடுத்துவிடலாம் என்றார். அறுப்பதற்கு முன் நிறுத்தினார்.

"வெளிய போகணுமா, உள்ள வரணுமா?"

"என்ன?"

"ரெண்டு தளத்துக்கு நடுவுல நின்னா கேட்டுக்கணும். மேல போறவங்களைக் கீழ எறக்கிவிட்டா திட்டுவாங்க. உனக்கு எந்தப் பக்கம்?"

அவள் ஜன்னலில் தொங்கியபடி யோசித்தாள். முந்நூற்று எண்பது பக்கம் எழுதியிருந்தாள். துரை மகளிடம் அப்பன் பேசுகிறான், கர்னல் பேசுகிறான், சங்கிலிப் பையன் நிலாவையும் கடலையும் வைத்துப் பக்கம் பக்கமாகப் பேசுகிறான். இந்த ஒரு கேள்வியை ஒருத்தனும் கேட்கவில்லை.

"வெளிய," என்றாள்.

கத்தரி ஒருமுறை கடித்தது. அங்குலம் உறையிலிருந்து தலையணை வருவது போல் வந்து, கணவருடைய காற்சட்டையோடு மெத்தையில் விழுந்தாள். பாவாடை வரவில்லை. அது ஜன்னலில் அப்படியே, யாரோ ஒருத்தி இன்னும் உள்ளே இருப்பது போல், முறைப்பாக நின்றது. உள்ளேயிருந்து கணவரால் சந்தைப் பார்க்க முடியவில்லை. "இறங்கிட்டியா? இறங்கிட்டியா?" என்று பாவாடையிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இங்கே அவள் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு நிற்கிறாள். அவர் இன்னும் பாவாடையோடு பேசுகிறார். மூன்று முறை கேட்டுப் பார்த்துவிட்டு, கதவு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. காதிடுக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பென்சில் எங்க?"

பென்சில் உள்ளே விழுந்துவிட்டிருந்தது. மீட்டர் மாமா தன் பேனாவைக் கொடுத்தார். பிறகு மீட்டர் நோட்டையும் கொடுக்கவேண்டி வந்தது. அவள் மெத்தையிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். மிச்சமிருந்த மூன்று வீட்டு மீட்டர் அந்த வாரம் படிக்கப்படவில்லை. சங்கத்தின் வரலாற்றில் அது முதல் தடவை.

பதினான்காம் அத்தியாயம் இப்படி மாறிற்று. ஜன்னல் பதினெட்டு அங்குலம். துரை மகள் பாதி வெளியே போய் மாட்டிக்கொள்கிறாள். வேலிக்கு அப்பால் குதிரையோடு நிற்க வேண்டிய சங்கிலிப் பையன், அளவுக்காரர்களுக்கே உள்ள சந்தேகத்தால், மதியமே அந்த ஜன்னலை அளந்து பார்த்திருக்கிறான். அதனால் அவன் வீட்டுக்குள் இருக்கிறான். குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு அவன் நிலாவைப் பற்றிப் பேசவில்லை. பயப்படாதீர்கள், காற்று வரும் என்கிறான். நான் இங்கேதான் நிற்கிறேன் என்கிறான். வெளியே போகவேண்டுமா, உள்ளே வரவேண்டுமா என்று கேட்கிறான். அவள் வெளியே என்கிறாள். நாடாவை அறுக்கிறான். அவள் போய்விடுகிறாள், பாவாடை நின்றுவிடுகிறது. பையன் கதவு வழியாக, விருந்துக் கூடத்தின் நடுவாக, நடந்து போகிறான். சங்கிலி பிடிக்கிறவனை யார் நிமிர்ந்து பார்க்கப்போகிறார்கள்? பிறகு கர்னல் வருகிறான். ஜன்னலில் பாவாடை. வெட்கத்தில் அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாள் என்று நினைத்து, தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு, பதினைந்து நிமிடம் காதல் சொல்கிறான். அவனுடைய வசனத்துக்குப் புதிதாக எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. சங்கிலிப் பையனிடமிருந்து பிடுங்கிய நிலாவும் கடலும் அப்படியே பொருந்தின.

திங்கட்கிழமை காலை நாத்தனார் கைபேசிப் படத்தைக் கிளினிக்கில் எல்லாருக்கும் காட்டினாள். அன்று நோயாளிகள் டாக்டர் சொல்வதற்கு முன்பே வாயைத் திறந்தார்கள். கணவர் வேலைக்குப் போகுமுன் ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளைத் திரும்பப் பொருத்தினார். ஒன்று குறைந்தது. பாவாடையை எடுக்க வளையங்களை வெட்டவேண்டியிருந்தது. பத்தரை மணிக்கு அங்குலம் பேருந்தில் பதிப்பாளரிடம் போனாள். அவர் புதிய அத்தியாயத்தை நின்றபடி படித்தார். பாவாடையிடம் கர்னல் பேசும் இடத்தில் உட்கார்ந்தார். முடித்துவிட்டு, இந்தப் பையன் பேசுவது யார் பேச்சு என்று கேட்டார். லிஃப்ட் மெக்கானிக் பேச்சு என்றாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆறு இடத்தில் முப்பதை அடித்துப் பதினெட்டு என்று எழுதி, பிரதியைக் கீழே அச்சகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து அவள் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனாள். இரண்டு ஜன்னல். நோட்டில் நடுவில் ஒரு கோடு இழுத்து, இடப்பக்கம் ஜன்னல், வலப்பக்கம் திரை என்று தனித்தனியாக எழுதினாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது அறிவிப்புப் பலகையில் சங்கத்தின் சார்பில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. குடியிருப்போர் வெளியே செல்லக் கதவுகளையே பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தார்கள்.